வண்டிப்பாதையில் பாத்தி கட்டினேன்

எங்கள் வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவே ஒரு மண்பாதை இருந்தது. ரோட்டை விட்டு இறங்கியதும் மேடேறி வர வேண்டும். வெயில் நாளில் அதைப் பாதை என்று சொல்லலாம், ஐப்பசியில் அதற்குப் பெயரே கிடையாது. வில்பட்டிச் சரிவில் பாதி வீடுகள் இப்படித்தான். வீட்டைக் கட்டிவிட்டு, பாதையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பூண்டு போடப் போய்விடுவோம். நானும் அப்படித்தான் போனேன். வருடக்கணக்கில் அந்தப் 'பிறகு' வரவே இல்லை.

என் மனைவி வழுக்கி விழுந்த அன்றுதான் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொடைக்கானல் சந்தைக்கு வெள்ளனே கிளம்பியவள், பாதி இறக்கத்தில் கால் வழுக்கி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. மதுரைக்குக் கொண்டுபோய் ஆப்பரேஷன் செய்து தகடு வைத்தோம்.

திரும்பி வந்த நாளிலும் மழைதான். அவள் தம்பி சொந்தமாக ஜீப் ஓட்டுகிறவன், அவன்தான் மதுரையிலிருந்து பதமாகக் கூட்டிவந்தான். ஆனால் ஜீப் ரோட்டோடு நின்றுவிட்டது. அக்கம்பக்கத்து ஆட்கள் நான்கு பேர் வந்து அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கினார்கள். நான் முன்னால் நடந்து வழி சொன்னேன். கண்ணுக்கு எதிரே தெரிகிற வீட்டுக்கு வழி சொல்ல ஒரு ஆள் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. பாதி வழியில் நானே வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்தேன். நாற்காலியைத் தூக்கி வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு மேலே போனார்கள்.

வீட்டுக்குள் வந்து கட்டிலில் படுத்ததும் அவள் ஒன்று சொன்னாள்.

"இனிமே என்னைத் தூக்குறதா இருந்தா ஒரே ஒரு தடவைதான். அதுவரைக்கும் நான் இங்கனயே கெடக்கேன்."

வலியில் பேசுகிறாள் என்று நினைத்தேன். ஊர் பார்க்க நாற்காலியில் போனது அவளுக்கு இடுப்பைவிட அதிகமாக வலித்தது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

டாக்டர் தெளிவாகச் சொல்லி அனுப்பியிருந்தார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு தினம் நடக்க வேண்டும், வீட்டுக்குள் மட்டும் போதாது, வெளியே கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்ட வேண்டும், உட்கார்ந்தே இருந்தால் கால் இறுகிவிடும், பிறகு நடையே வராது. அவளும் நடந்தாள். கட்டிலிலிருந்து அடுப்படி, அடுப்படியிலிருந்து வாசற்படி. படியோடு திரும்பிவிடுவாள். மறுபடி காட்ட வரச் சொன்ன தேதிக்கும் கிளம்பவில்லை. மண் காய்ந்து கட்டாந்தரையாகக் கிடந்த நாளில்கூட அந்தப் பாதையைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிடும். எத்தனையோ வருடம் சந்தையில் உட்கார்ந்து, பூண்டே சாப்பிடாதவர்களுக்குக்கூட மலைப்பூண்டு விற்றவள் அவள். அவளுக்குப் பதிலாக நான் சந்தைக்குப் போனேன். வாடிக்கைக்காரர்கள் வந்து, அக்கா எங்கே என்று கேட்டுவிட்டு, அடுத்த சாக்குக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்கள். என் முகத்தில் என்ன எழுதியிருந்ததோ.

பொங்கல் முடிந்ததும் வீட்டில் அறிவித்தேன். ரோட்டிலிருந்து வாசல் வரைக்கும் பேவர் பிளாக் பதிக்கப் போகிறேன், ஜீப் வாசலுக்கே வரும், நீ படியிறங்கி ஏறி உட்கார்ந்தால் போதும். அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். "வரட்டும். வந்தா நான் கெளம்புறேன்" என்றாள். அவள் வாயிலிருந்து 'கெளம்புறேன்' என்ற வார்த்தை வந்து மூன்று மாதத்துக்கு மேல் இருக்கும். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றே மலைக்குக் கீழே, கீழ்நாட்டில் பிளாக் செய்து விற்கிறவருக்குப் போன் போட்டேன்.

அவர் நல்ல மனிதர், பொறுமையாகச் சொன்னார். எனக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். பிளாக் என்பது சும்மா மேலே கிடக்கிற தோல்தான், பாரத்தைத் தாங்குவது அடியில் போடுகிற ஜல்லிப் படுகைதான் என்றார். முதலில் மேல் மண்ணை, அந்தக் கறுப்பு மண்ணை, அடியில் கெட்டி மண் தட்டுகிற வரைக்கும் முழுசாக எடுத்துவிட வேண்டும். பிறகு பெரிய ஜல்லி, சின்ன ஜல்லி, கிரஷர் தூள் எல்லாம் கலந்த கலவையைக் கொட்டிப் பரப்பி, லேசாகத் தண்ணீர் தெளித்து, மிஷின் வைத்து இறுக்க வேண்டும். ஒரே தடவையில் கொட்டி இறுக்கக் கூடாது, அடுக்கு அடுக்காகச் செய்ய வேண்டும். அதற்குப் பிறகுதான் மணலும் பிளாக்கும். எல்லாவற்றுக்கும் நான் "சரிங்க, சரிங்க" என்றேன். ஒரு வார்த்தை விடாமல் காதில் விழுந்தது, புரியவும் செய்தது. அதனால் பின்னால் நடந்ததற்குக் காதின் மேல் பழி போட வழியில்லை.

மறுநாள் காலையில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஒருவன் வாழ்நாள் முழுக்கப் பூண்டு போட்டால் அவன் கை என்ன ஆகும் என்று யாருக்காவது தெரிய வேண்டுமானால் என்னிடம் கேட்கலாம். கொத்தினால் மண்ணைப் புரட்டும். கட்டியைப் பார்த்தால் உடைக்கும். கல்லைப் பார்த்தால் பொறுக்கும். மூளையைக் கேட்டுக்கொண்டெல்லாம் செய்யாது. சாப்பாட்டு நேரத்துக்கு நிமிர்ந்து பார்த்தபோது பாதையின் இரண்டு ஓரமும் நான் பொறுக்கிப் போட்ட கல் குவிந்திருந்தது. நடுவில் மண் பொலபொலவென்று மாவு மாதிரிக் கிடந்தது. ரோட்டில் போன பக்கத்துத் தோட்டக்காரர் நின்று பார்த்துவிட்டு, கேரட்டா பீட்ரூட்டா என்று கேட்டார். ஜீப்புக்கு என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார். மண்ணைப் பாராட்டிவிட்டுத்தான் போகிறார் என்று நானாக எடுத்துக்கொண்டேன்.

அடுத்தது கறுப்பு மண்ணை எடுத்துவிடுகிற சோலி. இங்கே உண்மையைச் சொல்லிவிடுகிறேன், என்னால் முடியவில்லை. அந்த இடத்தில்தான் முன்பு எங்கள் எருக்குழி இருந்தது. அப்படி ஒரு மண்ணை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கையில் எடுத்தால் புழு நெளியும், மோந்தால் வாசனை வரும். இதை அள்ளி ஓரத்தில் கொட்டிவிட்டு, அந்தக் குழிக்குள் கருங்கல் ஜல்லியை நிரப்பு என்றால் எந்தப் பூண்டுக்காரனுக்கு மனசு வரும்? மேலாக ஒரு சாண் எடுத்துத் தோட்டத்துக்குக் கொண்டுபோனேன். அடியில் இன்னும் இடுப்பளவு இருந்தது. எடுத்தாயிற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மண்ணுக்குத் துரோகம் செய்யவில்லை என்று ஒரு நிம்மதி வேறு.

மிஷின் வாடகைக்கு எடுக்கவில்லை. கோயிலில் தரை போட்டபோது வாங்கிய திமிசுக்கட்டை ஊரில் இருந்தது. ஜல்லிக் கலவையை மெல்லிசாகப் பரப்பி அதை வைத்து இடித்தேன். இடித்தேன் என்றா சொன்னேன், பிள்ளையை முதுகில் தட்டித் தூங்க வைப்பது போலத் தட்டினேன். அடியில் கிடக்கிற மண் கெட்டிப்பட்டுவிடக் கூடாதே என்று கை தானாகவே பயந்தது. லேசாகத் தண்ணீர் தெளிக்கச் சொன்னார் அல்லவா, அதையும் செய்தேன். ஹோஸ் போட்டு, பூண்டுக்குப் பாய்ச்சுவது போல, மண் நெஞ்சு குளிரக் குடிக்கும் வரை பாய்ச்சினேன். நடுவில் மேடும் இரண்டு பக்கமும் வாய்க்காலுமாக அழகாக அமைந்துவிட்டது. எனக்குப் பாத்தி கட்டித்தான் பழக்கம், அதையேதான் அங்கும் கட்டியிருந்தேன்.

டவுனிலிருந்து பிளாக் பதிக்க ஆட்கள் வந்தார்கள். அடிப்படுகை கெட்டியாக இருக்கிறதா என்று ஒரு தடவை கேட்டார்கள். பாறை என்றேன். நாலு நாள் மழை இல்லாததால் மேலே காய்ந்து அப்படித்தான் இருந்தது. பதித்து முடித்ததும் சிவப்பும் சாம்பலுமாகப் பாதை பளபளவென்று இருந்தது. முதல் சக்கரம் என் மனைவியை ஏற்ற வரும் ஜீப்பின் சக்கரமாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை. அதனால் ரோட்டுமுனையில் முள்ளை வெட்டிப் போட்டு ஆடுகூட ஏறாமல் காவல் காத்தேன். யாராவது ஒரு சைக்கிளை ஏற்றியிருந்தால்கூட அன்றைக்கே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

மூச்சுத்திணறல், காய்ச்சல் என்று, டாக்டரிடம் காட்ட அவள் மதுரைக்குப் போவது ஒரு மாதம் தள்ளிப்போனது. அதற்குள் கோடைமழை பிடித்துக்கொண்டது. மழை விட்ட ஒரு காலையில் பார்க்கிறேன், இரண்டு பிளாக்குகளுக்கு நடுவே பச்சையாக ஏதோ எட்டிப் பார்க்கிறது. உருளைக்கிழங்கு. எருக்குழி மண்ணில் எந்தக் காலத்துக் கிழங்குத் துண்டோ கிடந்து, முளைத்து, பிளாக்கை ஒரு விரல் உயரம் தூக்கிவிட்டு வந்திருக்கிறது. புத்தியுள்ளவன் அப்போதே பிளாக்கைப் பெயர்த்து அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்திருப்பான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இலை நல்ல கரும்பச்சை. பிடுங்க மனசில்லாமல் விட்டுவைத்தேன்.

மதுரைக்குக் கிளம்ப நாள் குறித்தோம். அன்று அவள் எனக்கு முன்னாலேயே எழுந்து குளித்து, பட்டுக்கரைச் சேலை கட்டி, ஸ்வெட்டர் போட்டு, பூ வைத்துக்கொண்டு வாக்கரோடு வாசலில் வந்து நின்றாள். இத்தனை மாதத்தில் அவளை அப்படிப் பார்க்கவே இல்லை. நான் ஓடிப்போய் முள்ளை எடுத்துவிட்டு, மந்திரியை வரவேற்பது போல் ஓரத்தில் நின்று ஜீப்புக்குக் கை காட்டினேன். மச்சினன் கியரைப் போட்டு ஏறினான்.

முதல் கொஞ்ச தூரம் நன்றாகத்தான் வந்தது. பிறகு பின்சக்கரத்துக்குக் கீழே 'பொளக்' என்று ஒரு சத்தம். பிளாக்குகள் வாயைத் திறந்து வழிவிட, சக்கரம் அச்சு வரைக்கும் உள்ளே போனது. அவன் வேகத்தைக் கூட்டினான். கறுப்பு மண் பீய்ச்சியடித்து என் வெள்ளை வேட்டி முழுக்க அப்பியது. ஜீப் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. மச்சினன் இறங்கி, குழிக்குள் கையை விட்டு ஒரு பிடி மண்ணை அள்ளிப் பார்த்தான்.

"மாமா, இதுல வண்டி ஓட்டச் சொன்னீங்களா, உழச் சொன்னீங்களா?"

எனக்கு அவனைப் பார்க்கத் தோன்றவில்லை. வாசலைப் பார்த்தேன். அவள் சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், திட்டியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். அவள் வாக்கரை மெதுவாகத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். நான் போய்ப் பார்த்தபோது ஸ்வெட்டரைக் கழற்றி மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். தலையிலிருந்த பூவையும் எடுத்திருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது. இவள் இனி இந்தப் படியைத் தாண்டவே மாட்டாள், அதற்குக் காரணம் மழையோ எலும்போ இல்லை, நான்தான் என்று தோன்றியது.

மூன்றாவது நாள் சாப்பாடு போடும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"பாத்தி நல்லாத்தான் கட்டியிருக்கீங்க. ஆனா நான் பூண்டு இல்லீங்க."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"அந்த ஆளு போன்ல சொன்னது அம்புட்டும் நானுந்தான் கேட்டேன். கறுப்பு மண்ணு பூராத்தையும் எடுக்கச் சொன்னாரு. நீங்க எடுக்கல. நாளைக்கு எடுங்க. நான் உக்காந்து பாக்குறேன்."

அப்படித்தான் இரண்டாவது தடவை ஆரம்பித்தது. வாசற்படிக்கு உள்ளே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஆள் வைத்துப் பிளாக்குகளைப் பெயர்த்து அடுக்கினோம். கறுப்பு மண்ணைக் கூடை கூடையாக அள்ளித் தோட்டத்துக்குக் கொண்டுபோனோம். இனி போதும் என்று நான் நிமிரும்போதெல்லாம் கடப்பாரையைப் போட்டுப் பார்க்கச் சொல்வாள். 'சொத்' என்று இறங்கினால் இன்னும் தோண்டு என்பாள். 'ணங்' என்று கை அதிர்ந்தால்தான் அடுத்த இடம். ஆனி மாதம் பாதியில் ஒருவழியாகப் பாதை முழுக்கச் செம்மண் தட்டிவிட்டது. மிச்ச வாழ்க்கைக்கும் சேர்த்து அந்த ஒரு மாதத்தில் என் முதுகை உடைத்துக்கொண்டேன்.

பிறகு கல். நான் பொறுக்கிக் குவித்த கல் முழுவதையும் என் கையாலேயே திரும்ப எடுத்துப் போய் அடியில் பரப்பினேன். செய்த தப்புக்குத் தண்டனை இவ்வளவு பொருத்தமாக அமைவது அபூர்வம். அதன் மேல் ஜல்லிக் கலவை. அதைப் பரப்பிக்கொண்டிருக்கும்போதே என் கை குனிந்து ஒரு கல்லை எடுத்து ஓரத்தில் போடும். உடனே மேலேயிருந்து அதட்டல் வரும். "ஏங்க, அந்தக் கல்லை எடுத்த எடத்துல வைங்க." நானும் வைப்பேன். கொஞ்ச நேரத்தில் கை மறுபடி குனியும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அவளிடம் மாட்டினேன் என்பதைச் சொல்ல மாட்டேன்.

மச்சினன் டவுனிலிருந்து காம்பாக்டர் கொண்டுவந்து இறக்கினான். தட்டையான இரும்புத் தகட்டின் மேல் ஓர் இன்ஜின், தரையைப் படபடவென்று அடித்துக்கொண்டே நகரும் மிஷின். கலவையை ஒரு சாண் பரப்பி, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் தெளித்து, அதை ஓட்ட வேண்டும். இறுகியதும் அடுத்த அடுக்கு. முதல் நாள் அது என்னை இழுத்துக்கொண்டு போனது. இரண்டாம் நாள் நானும் மிஷினும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். நான் வாசலருகே ஆரம்பித்துக் கீழே போவேன், திரும்பி ஏறி வருவேன். அந்தச் சத்தத்தில் வேறு எதுவும் காதில் விழாது.

வேலை கீழே கீழே போகப் போக அவளுக்கு வாசற்படியிலிருந்து என் கை தெரியவில்லை. என்னை நம்பி உள்ளே உட்கார்ந்திருக்க முடியுமா? ஒரு நாள் நாற்காலியைப் படிக்கு வெளியே போடச் சொன்னாள். ஆள் தூக்கிப் போட்டான், அவள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து உட்கார்ந்தாள். மறுநாள் இறுக்கிய இடத்தின் மேலேயே நாற்காலி வந்தது. அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம் கீழே. உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து, வாக்கரின் காலால் தரையைக் குத்திப் பார்ப்பாள். இது என்ன என்று எனக்கு உறைக்கவே இல்லை. நான் கல்லைப் பொறுக்காமல் இருக்கும் கவலையில் இருந்தேன். மேற்பார்வை மிஞ்சிவிட்டது, இப்போது நாற்காலியையே என் முதுகுக்குப் பின்னால் கொண்டுவந்துவிட்டாள் என்று மச்சினனிடம் புலம்பக்கூடச் செய்தேன்.

கடைசி அடுக்கு. ரோட்டு முனையைக் காலையிலேயே மச்சினன் இறுக்கி முடித்துவிட்டுப் போயிருந்தான். மேலே வாசல் ஓரம் மட்டும்தான் பாக்கி. நான் ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வீட்டைப் பார்த்து மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தேன். டீசல் தீர்ந்து இன்ஜின் இருமி நின்றது. திரும்பிப் பார்த்தால் பாதி வழியில் நாற்காலி மட்டும் இருக்கிறது. ஆள் இல்லை.

எனக்கு உயிரே போய்விட்டது. விழுந்துவிட்டாள், நான் சத்தத்தில் கேட்கவில்லை என்று நினைத்தேன். அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன்.

"இங்கனதான் நிக்கேன்" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

ரோட்டோரத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை வாக்கரில். மறு கை, தலையில் சாக்கோடு போய்க்கொண்டிருந்த ஒருத்தியை நிறுத்தி வைத்து பீன்ஸை முறித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. முற்றிப்போன பீன்ஸைச் சந்தைக்குக் கொண்டுபோகாதே என்று அந்தப் பெண்ணுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தாள். பிளாக் இன்னும் ஒன்றுகூடப் பதிக்கவில்லை. ஜீப் வரவில்லை. யாரும் தூக்கவில்லை. ஈரம் காயாத வெறும் ஜல்லியின் மேல், வீட்டிலிருந்து ரோடு வரைக்கும் தன் காலால் நடந்து போயிருக்கிறாள், நான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற நேரத்தில்.

ஓடிப்போய் ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"என்ன அப்படியே நிக்கிறீங்க? அந்த ஓரம் இன்னும் தொளதொளன்னு கெடக்கு. வெரசா ஓட்டுங்க, மழை வருது."

டீசலை ஊற்றி, கயிற்றை இழுத்து இன்ஜினை எழுப்பினேன். வீட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே இறுகிப் போயிருந்த இடத்திலேயே திரும்பத் திரும்ப ஓட்டினேன். அழுதேன், சத்தமாகவே அழுதேன். அந்த மிஷின் போட்ட இரைச்சலில் எனக்கே அது கேட்கவில்லை.